அவரைக்கு இருட்டு வேண்டும்

பொங்கல் நெருங்குகிறது. விழுப்புரம் சந்தையில் அவரைக்காய் விலை ஏறுவதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் திண்டிவனத்திலிருந்து தங்கை பேசினாள். "பந்தல் பூரா இலைதான் அண்ணா. வாசப்பக்கம் ஒரு பூகூட இல்ல. யூரியா போடச் சொல்றாங்க." கோபம் தலைக்கேறியது. சந்தை விலை கிடக்கட்டும்.

எனக்கும் யூரியாவுக்கும் உள்ள பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அவரையின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதற்கு மேலும் யூரியாவைக் கொட்டினால் கொடி கொழுத்து இலையாகவே ஓடும். இளந்தளிருக்கு அசுவினி வரும். அசுவினி கசியும் இனிப்பு நீருக்கு எறும்பு வரும். எறும்பு பொறிவண்டை அண்டவிடாது. பிறகு பூச்சிமருந்துக்கும் செலவு.

"கிணத்துப் பக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அங்க கொத்துக் கொத்தா பூத்திருக்கு."

"வாசல்ல விளக்கு எரியுதா?"

"விடிய விடிய எரியுது. திருட்டு பயம்."

அதுதான் காரணம். பந்தல் அவரை இரவின் நீளத்தை அளந்து பூக்கும் கொடி. நம் ஊரில் ஆனி மாதப் பகல் 12¾ மணி நேரம். மார்கழியில் 11½ மணிக்கும் சற்றுக் குறைவு. ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் பனி இறங்கினால்தான் பூக்கும் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அலார்டும் சோயாவை வெவ்வேறு நாட்களில் விதைத்துப் பார்த்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்தன. பகல், இரவு நீளமே காரணம் என்று 1920இல் எழுதினார்கள். இடையறாத இருட்டுதான் முக்கியம், நடு இரவில் சிறிது நேர வெளிச்சமே அதைக் கெடுத்துவிடும் என்று 1938இல் ஹாம்னரும் பானரும் காட்டினார்கள். இல்லினாய் மாநிலத்தில் சாலை விளக்கோரச் சோயா மற்றவை முற்றிய பிறகும் பச்சையாகவே நிற்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை நெடுஞ்சாலையோரம் மனைப்பிரிவுகளும் உணவகங்களும் இரவெல்லாம் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. பக்கத்துக் கொல்லைகளுக்கு இரவு இல்லாமல் போகிறது. கிணறு வற்றினால் ஊரே பேசுகிறது. இருட்டு வற்றுவதை யாரும் பேசுவதில்லை. தண்ணீரைப் போல இருட்டும் பயிரின் தேவை. நாம் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

விளக்கு வேண்டும் என்பவர்கள் ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கை, கொடிமேல் வெளிச்சம் படாதபடி பொருத்தலாம். அதுவும் முடியாதவர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் 'கோ' வரிசைச் செடி அவரை விதையை வாங்கி ஊன்றலாம்; அவற்றுக்குப் பகல் நீளம் பொருட்டில்லை. பந்தல் வைத்திருப்பவர்கள் யூரியா மூட்டையைத் தொடுமுன் விளக்கை அணையுங்கள். இந்தப் பொங்கல் குழம்புக்கு வாசப்பக்கக் காய் கிடைக்காது. இன்றே அணைத்தால் மாசியில் பறிக்கலாம்.