சீகிரியாப் பெண்கள் காசியப்பனின் மனைவியரா?

இலங்கையின் மாத்தளை மாவட்டத்துச் சீகிரியாக் குன்றில் ஏறுகிறவர்கள் பாதி வழியில், பெண்களின் பாறை ஓவியங்களுக்கு முன்னால் கேட்கும் விளக்கம் இது: "ஓவியத்தில் இருப்பவர்கள் காசியப்ப மன்னனின் மனைவியர்." தொல்லியல் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லும் இவர்களை, பூவேந்திப் பிதுரங்கல விகாரைக்குச் செல்லும் அரசியரும் தோழியரும் என்றே எழுதினார். இதற்குச் சொல்லப்படும் சான்றுகள் எவையும் தேறவில்லை.

முதலாவது, வரலாற்றுச் சான்று. காசியப்பன் (477–495) குன்றின்மேல் மாளிகை எழுப்பிக் குபேரனைப்போல் வாழ்ந்ததைச் சூளவம்சம் சொல்கிறது. ஓவியங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, அணிகலன்கள். முடியும் ஆரமும் அரசியருக்கே உரியவை என்கிறார்கள். நம் சிற்ப மரபில் தேவமகளிரும் அவற்றை அணிந்தே வருகிறார்கள்.

மூன்றாவது, முகங்கள். நிறமும் சாயலும் வேறுபடுவதால் இவை உயிருள்ளவர்களைப் பார்த்து வரைந்த உருவங்களாம். ஜப்பானிய மர அச்சு ஓவியர் உதமாரோ, எடோ நகரில் பேர்பெற்றிருந்த தேநீர்க்கடைப் பெண்களையே 1790களில் வரைந்தார். ஆனாலும் அந்த முகங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் உள்ளன. தெரிந்த பெண்ணை வரையும்போதே ஓவியன் தன் இலட்சிய அழகை வரைகிறான் என்றால், முகத்தை வைத்து அரசியென்று எப்படி முடிவு கட்டுவது?

நான்காவது, மேகங்கள். இந்தப் பெண்கள் இடைக்குக் கீழே மேகத்தில் மறைகிறார்கள். முழு உருவம் வரைய இடம் போதாததால் மேகத்தால் மறைத்தார்கள் என்பது பொருந்தாது. மேற்குப் பாறைமுகத்தில் ஓவியத்துக்குப் பூசிய சாந்தின் தடங்கள் பரவலாக உள்ளன; இடத்துக்குக் குறைவில்லை. விகாரைக்கு நடப்பவர்களை மேகத்தில் வைப்பானேன்? கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி இவர்களை அப்சரசுகள் என்றார். தொல்லியலாளர் பரணவிதான மின்னல் மகளிர், மேக மகளிர் என்றார். முடிவில் வேறுபட்டாலும் இருவரும் மேகத்துக்கு விடை சொன்னார்கள்.

ஐந்தாவது, குன்றின் கண்ணாடிச் சுவரில் பார்வையாளர்கள் கீறிய பாடல்கள். பரணவிதான 1956இல் பதிப்பித்த 685 பாடல்களில் சில இவர்களை மன்னனின் மனைவியர் என்கின்றன. அவை பெரும்பாலும் 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை. நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தவர்களின் கற்பனைக்கு அவை சாட்சி. வரைந்தவனின் எண்ணத்துக்கு ஆகா.

இந்தக் கதையால் இழப்பு ஓவியனுக்கே. ஒரு கையை வரைந்தபின் மனம் மாறித் திருத்திய கோடு அங்கே இன்றும் தெரிகிறது. மன்னனின் அந்தப்புரக் கதையை விட்டு, அந்தக் கோட்டைப் பயணிகளுக்குக் காட்டுங்கள். அது கண்முன் இருக்கும் சான்று.