தட்டச்சுப் பாடநூல்களும் எழுத்து வரலாற்று ஆவணங்களே

தமிழ் எழுத்தின் வரலாற்றைக் கல்வெட்டு, ஓலை, அச்சு என்னும் நிலைகளில் ஆராய்ந்து பழகிவிட்டோம். அச்சுக்கும் கணினிக்கும் இடையே அலுவலகத் தமிழைச் சுமந்த தட்டச்சுப்பொறி அவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே நிற்கிறது. அப்பொறியைக் கற்பித்த பாடநூல்களுக்கு அவ்விடமும் வாய்க்கவில்லை. அவை தமிழாய்வின் முதன்மைத் தரவுகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது, ஆங்கிலத்துக்கென அமைந்த விசைகளுக்குள் 247 எழுத்துகளை அடக்க வேண்டியிருந்தது. அடித்தாலும் தாள் நகராத ‘நகரா விசை’ அதற்கு ஒரு தீர்வாயிற்று. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடித்தால் ‘க்’ கிடைக்கும். புள்ளி பெற்று நிற்றலை மெய்யின் இயல்பாகக் கூறுகிறது தொல்காப்பியம். பொறியிலோ மெய்க்கு முன்பே புள்ளி பிறந்துவிடுகிறது. இன்றைய ஒருங்குறி இவ்வரிசையை மீண்டும் மாற்றி, எழுத்தை முன்னும் புள்ளியைப் பின்னும் சேமிக்கிறது. ஓர் எழுத்தைப் பகுத்துக் காணும் முறைகள் இவ்வாறு வேறுபடுகின்றன. அவற்றுள் பொறியின் முறையைப் பாடமாக எழுதிவைத்தவை தட்டச்சு நூல்களே.

அவற்றின் முதற்பாடம் இடக்கைக்கு ‘யளனகபக’ என்று தொடங்கும். வலக்கையின் சுண்டுவிரலுக்குரிய இடம் புள்ளிக்கு உரியது. ‘க’ விசையை ஷிப்ட் விசையோடு அழுத்தினால் ‘கு’ வரும். ‘த’ ‘து’ ஆகும். ‘ம’ ‘மு’ ஆகும். இகரக் குறி தனி விசையாக இருந்தும் ‘டி’க்கு மட்டும் வேறொரு விசை உண்டு. இங்கு எழுத்துகள் உயிர், மெய், உயிர்மெய் என்று வகுக்கப்படவில்லை. வரிவடிவமும் விரலின் எட்டுகையுமே வகுப்புமுறையைத் தீர்மானிக்கின்றன.

பொருளற்ற எழுத்துக்கோவைகளில் ஆராய என்ன உள்ளது என்று வினவலாம். அப்பொருளின்மையே அவற்றின் சான்றுமதிப்பு. பொருள் நீங்கியபின் எஞ்சுவது எழுத்தின் அமைப்பு மட்டுமே. மேலும், இந்நூல்கள் கோவைகளோடு முடிவதில்லை. வேகப்பயிற்சிக்குரிய உரைப்பகுதிகளும், அலுவலகக் கடிதங்களும், அட்டவணைகளும் அவற்றில் உள்ளன. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப்பின் உருவான ஆட்சித்தமிழ் நடையை இளநிலை, முதுநிலைத் தேர்வெழுதிய மாணவர் விரல்வழியே பயின்றனர். 1978இல் 13 எழுத்து வடிவங்களை மாற்றிய அரசாணை கற்பித்தலில் எவ்வாறு இறங்கியது என்பதையும் அதற்கு முன்னும் பின்னும் வந்த பதிப்புகளை ஒப்பிட்டு அறியலாம்.

இத்தேடலைச் சென்னையின் மேற்குப் புறநகரில் தொடங்குவது பொருத்தம். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. ஆலைப் பணியோடு எழுத்தர் பணியும் பெருகும் இத்தகைய வட்டாரங்களில் தட்டச்சுத் தேர்ச்சி என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மாதச் சம்பளத்துக்கான வாயில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பயிலகங்களின் பழைய நூல்கள், விசைப்பலகைப் படங்கள், தேர்வுத்தாள்கள் ஆகியவற்றின் பதிப்பாண்டு, பதிப்பகம், பாடவரிசை ஆகியன பதிவு செய்யப்பட வேண்டும். மூத்த ஆசிரியர்களின் கற்பித்தல் முறை ஒலிப்பதிவாக வேண்டும். இளமுனைவர் ஆய்வேட்டின் அளவுக்குள் அடங்கக்கூடிய பணி இது.

பழந்தாள் எடைக்குப் போகும் நூலுக்கு மறுபதிப்பு வருவதில்லை. சுவடி தேடி ஊரூராய் அலைந்தவர்களின் வழிவந்தது நம் துறை. ஓலைக்குக் காட்டிய அக்கறையின் ஒரு சிறு பங்கையேனும் இத்தாள்களுக்கும் காட்டுதல் அதன் கடமை.