காட்ஸில்லா கப்பலேறியபோது கரையில் விடப்பட்டவர்கள்

காட்ஸில்லா என்றாலே பையன்கள் விசிலடிக்கும் படம், நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒதுங்கிவிடும் தோழிகள் எனக்கு நிறையப் பேர். அவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். அந்த மிருகம் பையன்களின் சொத்தாகப் பிறக்கவில்லை, அப்படி ஆக்கப்பட்டது. உலகம் சுற்றி வருவதற்காக அதிலிருந்து எதையெல்லாம் அறுத்தெடுத்தார்கள் என்று பார்த்தால், அறுபட்ட இடங்களில் பெண்கள் நிற்கிறார்கள்.

1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. அதன் சாம்பல் 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீது கொட்டியது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். நவம்பர் 3 அன்று இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கொஜிரா' வெளியானது. இந்தத் தேதிகளைச் சொல்லாத சினிமாக் கட்டுரை அரிது. இடையில் நடந்த ஒன்றைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். சூரை மீனில் கதிர்வீச்சு என்ற செய்தி வந்ததும் குண்டு நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றது. டோக்கியோவின் சுகினாமி பகுதிக் குடும்பப் பெண்கள் ஹைட்ரஜன் குண்டுக்கு எதிராகக் கையெழுத்துத் திரட்டக் கிளம்பினார்கள். 1955 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் உலக மாநாடு கூடியபோது ஜப்பான் முழுவதும் சேர்ந்த கையெழுத்துகள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன குழம்பு என்ற கேள்வியிலிருந்து எழுந்த அரசியல் அது. கொஜிராவை முதலில் பார்த்தவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவர்கள்.

படத்திலும் அந்தக் காற்று இருக்கிறது. ரயிலில் போகும் ஒரு பெண், விஷ மீன், கதிர்வீச்சு மழை, இப்போது இந்த மிருகம் வேறா என்று அலுத்துக்கொள்கிறாள். நாகசாகியிலிருந்து தப்பிப் பிழைத்தவள் அவள். நாடாளுமன்றக் காட்சியில், வெளிநாட்டு உறவு கெட்டுவிடும், மக்கள் பீதியடைவார்கள், ஆகவே கொஜிராவைப் பற்றிய உண்மையை மறைக்க வேண்டும் என்கிறார் ஆண் உறுப்பினர் ஒருவர். உண்மையைச் சொல் என்று எழுந்து கத்துகிறவர் ஒரு பெண் உறுப்பினர். ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தது 1946இல்தான். எட்டே ஆண்டுகளில் வெள்ளித்திரையில் அந்தக் குரல்!

எமிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஆயுதத்தைப் பற்றி யாரிடமும் சொல்லாதே என்று விஞ்ஞானி செரிஸாவா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். மருத்துவமனையில் குவிந்து கிடக்கும் காயம்பட்டவர்களைப் பார்த்த பிறகு அவள் சத்தியத்தை உடைக்கிறாள். ஆணுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய பத்தினிகளைக் கொண்டாடும் கதைகள் நமக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டன. இவள் வாக்கை மீறுகிறாள்; அதனால்தான் ஊர் பிழைக்கிறது.

இந்தப் படத்தை அமெரிக்கர்கள் 1956இல் என்ன செய்தார்கள்? 96 நிமிடப் படத்தை வெட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்க நிருபராக நுழைத்து, 80 நிமிடத்தில் முடித்தார்கள். ஜப்பானியர் வாழ்வை இப்போது அவர்தான் நமக்கு விளக்குகிறார். நாகசாகிப் பெண்ணைக் காணோம். நாடாளுமன்றத்தில் கத்தியவரைக் காணோம். குண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு கொஜிரா வரலாம் என்ற கடைசி எச்சரிக்கையும் போயிற்று. ஹைட்ரஜன் குண்டு என்ற சொல் ஒப்புக்கு மிஞ்சியது. எமிகோ தன் ரகசியத்தைச் சொல்லும்போது அந்த அமெரிக்கரும் கூட இருந்து கேட்கிறார். பல நாடுகள் கொஜிராவை அறிந்தது இந்த வடிவத்தில்தான்; வேடிக்கை, 1957இல் இது ஜப்பானுக்கே திரும்பி வந்தது. வெட்டாத படம் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியாக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வியாபாரம் என்றால் வெட்டத்தானே செய்வார்கள் என்பார்கள். சரி. ஆனால் யார் பேச்சு வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று அவர்களுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

பிறகு ஹாலிவுட் தானே மிருகத்தை வளர்க்கத் தொடங்கியது. 1998இல் வந்த படத்தில் பழி பிரான்ஸின் அணுகுண்டுச் சோதனை மேல் விழுகிறது; பிகினி மறந்துபோயிற்று. கதாநாயகன் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைப் பெட்டி வாங்கி மிருகத்தைச் சோதிக்கிறான்! அது முட்டையிட்டிருக்கிறது என்று தெரிந்ததும் முட்டைகள் இருக்கும் அரங்கத்தின் மேல் குண்டு போடுகிறார்கள். 2014 படத்திலும் பெண் மிருகத்தின் கூட்டைக் கொளுத்துகிறவன்தான் நாயகன். நகரத்தை மிதிக்கும் ஆண் மிருகத்தை அரசன் என்று கும்பிடுகிறார்கள், கருவுற்ற மிருகத்தைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

அதே 2014 படம் இன்னொரு காரியமும் செய்கிறது. 1954இல் பசிபிக்கில் வெடித்தவை சோதனைகளே அல்லவாம், மிருகத்தைக் கொல்ல எடுத்த முயற்சிகளாம். 2019இல் இன்னும் ஒரு படி மேலே போய், சாகக் கிடக்கும் காட்ஸில்லாவுக்கு அணுகுண்டையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். இதை நான் வெறும் கற்பனை என்று விட மாட்டேன். பிகினியின் சாம்பல் ரொங்கெலாப் தீவின் மேலும் விழுந்தது. உருவமில்லாமல் பிறந்த சிசுக்களை அங்குள்ள பெண்கள் ஜெல்லிமீன்களோடு ஒப்பிட்டார்கள். மார்ஷல் தீவுகளின் டார்லீன் கேஜு அதை 1983இல் வான்கூவரில் உலகத் திருச்சபைகள் கூடிய அவையில் சொன்னார். வெடிப்பின்போது சிறுமியாக இருந்த லிஜோன் எக்னிலாங், தன் கருச்சிதைவுகளைப் பற்றி 1995இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அந்தக் குண்டைத் தற்காப்பு நடவடிக்கையாக மாற்றிய படம் உலகெங்கும் ஓடியது. அந்த வரிசையில் வந்த 'காட்ஸில்லா வெர்சஸ் காங்' 2021இல் தமிழ் பேசியே நம் ஊருக்கும் வந்தது.

ஜப்பான் மட்டும் ஒழுங்கா என்று கேட்டால், இல்லை. ஆஸ்கர் வாங்கிய 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்தில் நோரிகோ யாரோ பெற்ற குழந்தையைத் தூக்கி வளர்க்கிறாள், வேலைக்குப் போகிறாள், வெடிப்பில் தூக்கி வீசப்படுகிறாள், போர்வீரனின் குற்றவுணர்வு தீர்ந்ததும் உயிரோடு கிடைக்கிறாள். மிருகத்தைக் கொல்லத் திட்டம் போடும் கூட்டத்தில் அவளைப் போன்றவர்களுக்கு நாற்காலி இல்லை.

எனக்குப் பிடித்தது 1961இல் வந்த 'மோத்ரா'. தீவிலிருந்து இரண்டு குட்டிப் பெண்களைக் கடத்தி வந்து, கூண்டில் வைத்து, மேடையில் பாட வைத்துக் காசு பார்க்கிறான் ஒருவன். ஒரு பெரிய அந்துப்பூச்சி கடல் தாண்டி வந்து ஊரைத் துவம்சம் செய்து அவர்களை மீட்டுப் போகிறது. தீவுவாசிகளாக ஜப்பானியர்களுக்கே கருப்புச் சாயம் பூசி ஆட வைத்ததை மன்னிக்க முடியாது. ஆனாலும் யாரும் அந்தப் பூச்சியைக் கொல்லவில்லை. அது தன் பெண்களோடு வீடு திரும்புகிறது.

கல்லூரியில் திரையிடக் கேட்கும் மாணவிகளுக்கு ஒரே ஒரு நிபந்தனை: 96 நிமிடப் படத்தைப் போடுங்கள். நாடாளுமன்றக் காட்சி வரும்போது ஒலியைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.