சொல்வதெழுதலும் ஒரு மூடநம்பிக்கையும்

தமிழ் சொன்னபடியே எழுதப்படும் மொழி, ஆகையால் அதிலே எழுத்துப்பிழை அசட்டையினாலன்றி வேறு எதனாலும் வருவதில்லை, பிழைத்த சொல்லைக் கொப்பியிலே பத்துத் தரம் எழுதுவித்தால் அது தானே திருந்திவிடும் என்றதோர் அபிப்பிராயம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நம்மவருடைய மூட்டைமுடிச்சுகளோடு கூடவே மொன்றியலுக்கும் வந்து சேர்ந்து, இங்குள்ள வார இறுதித் தமிழ் வகுப்புகளிலே கேள்விக்கு அப்பாற்பட்ட சித்தாந்தமாக வீற்றிருக்கிறது. விகுதி என்றும் உருபு என்றும் சாரியை என்றும் சொல்லி அரிவரிப் பிள்ளையைப் பயமுறுத்தலாமா, இலக்கணம் பெரிய வகுப்பிலே வரட்டுமே, இப்போதைக்குச் சொல்வதெழுதல் போதாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆசிரியர்களிலும் பலர் தலையசைக்கிறார்கள். இரக்கத்தின் வேஷம் பூண்டு வருவதினாலேயே இந்த வாதம் இதுகாறும் கண்டனத்துக்குத் தப்பியிருக்கிறது.

சொன்னபடி எழுதுவதாவது! பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ வாழும் எந்தத் தாய் தன் மகளிடம் 'நான் கடைக்குப் போகிறேன்' என்று சொல்கிறாள்? 'கடைக்குப் போறன் பிள்ளை, கதவைப் பூட்டு' என்பதல்லவா வீட்டுத் தமிழ்? காதினால் கேட்டதைக் கேட்டபடியே எழுதுகிற குழந்தை 'போறன்' என்று எழுதுகிறது. சொன்னபடி செய்ததற்குக் கூலியாகச் சிவப்பு மையினால் ஒரு குறுக்குக்கோடு பெறுகிறது. ககரம் ஒன்றே கல்லிலும் மகனிலும் மங்கையிலும் மூவகையாக ஒலிப்பதைப் பழக்க மிகுதியால் நாம் மறந்திருக்கிறோம். போதாக்குறைக்கு, லகர ஒலியும் னகர ஒலியும் ஒவ்வொன்றே உடைய பிரெஞ்சிலே நாள் முழுதும் புழங்குகின்ற செவியை நோக்கி, ல ள ழ என்னும் மூன்றையும் ன ண என்னும் இரண்டையும் ஒலியைக் கொண்டே பகுத்தறிந்து எழுது என்று ஆணையிடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பிழைகளையே சற்று நின்று பார்ப்போம். ஒரு கொப்பியிலே 'பூக்கல்', 'வீடில்', 'மரமை' என்ற மூன்று சொற்கள் வெட்டப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் தண்டனை ஒன்றே. ஆனால் மூன்றும் ஒரே ஜாதிப் பிழைகள் அல்ல. முதலாவதில் பன்மை விகுதியின் எழுத்தே பிள்ளைக்குத் தெரியவில்லை. 'கள்' என்பது எந்தப் பெயரின் பின்னே வந்தாலும் ளகர மெய்யிலேயே முடியும் என்று ஒரு முறை மனத்தில் பதித்துவிட்டால், பூக்கள், ஆடுகள், மரங்கள், கற்கள் என்று கணக்கற்ற சொற்களின் கடைசி எழுத்து ஒருங்கே திருந்திவிடும். பத்துத் தரம் எழுதுவித்தாலோ திருந்துவது பூ ஒன்றுதான். மற்ற இரண்டிலும் பிள்ளை பகுதியையும் அறிந்திருக்கிறது, உருபையும் அறிந்திருக்கிறது. இரண்டையும் கூட்டுமிடத்து நிகழும் விகாரத்தை மாத்திரம் அதற்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மகரம் கெட்டு அத்துச் சாரியை தோன்ற 'மரத்தை' ஆகும் என்பதும், டு, று என்று முடியும் வீடு, நாடு, ஆறு, வயிறு முதலியவை இரட்டித்து வீட்டில், நாட்டில், ஆற்றில், வயிற்றில் என்றாக, பந்தும் காசும் இரட்டாமல் பந்தில், காசில் என்றே நிற்கும் என்பதும் இரண்டு வாரத்துப் பாடம். அதைச் சொல்லாமல் 'மரமை' என்று புத்தியோடு பிழைத்த குழந்தையைத் தண்டிப்பது, பாதி வழி சரியாக வந்தவனைப் புறப்பட்ட இடத்துக்கே துரத்துவதாகும்.

'அவள் வந்தாள்' என்பதையும் 'அவள் வந்தால்' என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சரியான சொற்களே. ஆகவே இவ்விடத்திலே எந்தச் சொற்பட்டியலும் உதவாது. ஒன்று பெண்பால் விகுதி, மற்றது நிபந்தனை குறிக்கும் ஈறு என்று அறிந்த பிள்ளைக்கே எந்த எழுத்தை எழுதுவது என்று தெரியும்.

எழுத்துப்பிழையை இவ்வாறு இலக்கணத்தினால் திருத்துவது நவீனர் யாரோ புகுத்திய புதுமுறை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆனால் தொல்காப்பியர் உருபியலையும், பவணந்தி முனிவர் நன்னூலில் உருபுபுணரியலையும் வைத்த இடம் சொல்லதிகாரம் அன்று, எழுத்ததிகாரம். உருபு சொல்லோடு சேர்வது எழுத்தைப் பற்றிய விஷயமே என்பது அவர்கள் துணிபு. நல்லூர் ஆறுமுக நாவலரும் (1822–1879) பாலபாடங்களோடு நின்றுவிடாமல் மாணாக்கர்க்கென இலக்கண வினாவிடையும் எழுதினார். நாவலர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம் அவரது பாதிக் காரியத்தை மறந்துவிட்டோம்.

குழந்தைக்கு இதெல்லாம் பாரம் என்பார்க்கு இந்நகரமே பிரத்தியட்சமான மறுமொழி. 1977ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தினால் நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பள்ளிகளிலே படிக்கிறார்கள். பாடுதல் என்னும் பொருளுள்ள 'ஷாந்தே' என்ற ஒரே ஒலி, வினையின் மூலவடிவமாகவும் இறந்தகால எச்சமாகவும் ஏவலாகவும் வரும்போது மூன்று வேறு ஈறுகளோடு எழுதப்படுகிறது; காது அங்கே சிறிதும் துணை செய்யாது. ஆகவே, அம்மூன்று வடிவங்களும் ஒலியிலேயே வேறுபடுகின்ற, 'விற்றல்' என்னும் பொருளுள்ள வினையை அவ்விடத்தில் வைத்துப் பார், எது பொருந்துகிறதோ அதற்கேற்ற ஈற்றை எழுது என்று தொடக்கப் பள்ளியிலேயே உபாயம் கற்பிக்கிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் இவ்வளவு நுட்பத்தையும் தாங்குகிற குழந்தை, தமிழ் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தவுடனே மந்தமாகிவிடுகிறதா?

பிரெஞ்சுக்காரரும் சொல்வதெழுதலைக் கொண்டாடுகிறார்களே என்று ஓர் ஆட்சேபம் எழலாம். மெய்தான், 1964இல் கியூபெக்கின் கல்வி மந்திரியான போல் ஜெரன்-லஜ்வாவின் பெயரால் 1991 முதல் சொல்வதெழுதல் போட்டி ஒன்று நடைபெற்று வருகிறது. ஆனால் அது கற்ற இலக்கணத்துக்கு வைக்கும் பரீட்சை. நாமோ கற்பிக்காமலே பரீட்சை வைக்கிறோம், தோற்றவர்களைக் கவனமில்லாதவர்கள் என்கிறோம். பிள்ளைகளும் தமிழ் தங்களுக்கு வராத மொழி என்று முடிவுகட்டி, பதின்மூன்று வயதில் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள்.

ஆசிரியர்களே, அடுத்த சொல்வதெழுதலில் சிவப்புக் கோடு இழுக்குமுன், பிழை பகுதியிலா, விகுதியிலா, இரண்டும் கூடும் இடத்திலா என்று பிள்ளையையே கேளுங்கள். பெற்றோரும், இலக்கணம் இப்போது வேண்டாம் என்று தங்கள் பிள்ளைகளுக்காகச் சிபாரிசு செய்யாதிருப்பார்களாக.