வீரமும் வாய்வீச்சும்

முஹம்மது அலீயின் பெயரைக் கேட்டாலே நம் இல்லங்களில் முகங்கள் மலர்கின்றன. 1980ஆம் ஆண்டு அவர் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கையுறை அணிந்ததை முதியோர் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்குண்டு. ஆயினும் நம் பிள்ளைகள் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, எதிராளியை அவர் ஏளனம் செய்யும் காட்சிகளையே. அந்த ஏளனத்தையே வீரம் என்று அவர்கள் கொள்வார்களாயின், அதைக் கண்டும் வாளாவிருக்க நம்மால் இயலாது.

தற்பெருமை பேசினால் அரங்கு நிறையும் என்பதை அலீ, கார்ஜியஸ் ஜார்ஜ் என்னும் மல்லரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தம்மை மிகப் பெரியவர் என்று அவர் முழங்கியதில் யாருக்கும் தீங்கில்லை, கேட்டவர்கள் சிரித்தனர். பிறரை இழிவு செய்தபோதுதான் அந்த வேடிக்கை எல்லை கடந்தது.

1964இல் அவர் காசியஸ் கிளே என்ற பெயரைத் துறந்தார். புதிய பெயரைச் சொல்ல மறுத்த எர்னி டெரலை 1967 பிப்ரவரியில் சந்தித்தபோது, தம் பெயர் என்னவென்று கேட்டுக் கேட்டுக் குத்தினார். அதே ஆண்டு ஏப்ரலில் இராணுவத்தில் சேர மறுத்துப் பட்டத்தையும் பிழைப்பையும் இழந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971இல் அவருக்கு நீதி வழங்கியது. அதை வீரம் என்போம். அதில் நமக்கு ஐயமில்லை.

அவர் களத்துக்கு வர முடியாதிருந்த அந்நாட்களில், அவர் திரும்பி வர வேண்டுமென்று பேசியவர் ஜோ பிரேஸியர். பொருளும் கொடுத்து உதவியவர். அந்தப் பிரேஸியரைத்தான் 1971 மார்ச் 8ஆம் நாள் நடந்த போட்டிக்கு முன் வெள்ளையரின் அடிவருடி என்று அலீ தூற்றினார். 1975இல் மணிலாப் போட்டிக்கு முன் கொரில்லா என்றழைத்து, செய்தியாளர் முன்னிலையில் ரப்பர் பொம்மையைக் குத்திக் காட்டினார். தம் பெயருக்கு மரியாதை கேட்டுப் போராடியவர், தமக்கு உதவியவருக்கு விலங்கின் பெயரைச் சூட்டினார்! பட்டப்பெயரிட்டுப் பழிப்பதை இறைமறையின் 49ஆம் அத்தியாயம் விலக்கியிருப்பதை நாம் அறியாதவர்களா?

சீட்டு விற்பனைக்காகச் செய்த தந்திரந்தானே என்பர் சிலர். 1971இல் மோதிய இருவருமே அதுவரை தோல்வி காணாதவர்கள். ஆளுக்கு 25 இலட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. வசைமொழி இல்லாவிடினும் அரங்கு நிரம்பியிருக்கும். மணிலாவில் 14 சுற்றுக்குப் பின் பயிற்சியாளர் எடி ஃபச் போட்டியை நிறுத்தினார். அன்று உடலில் பட்ட காயங்கள் ஆறின. அந்தச் சொல்லின் காயத்தையோ பிரேஸியர் பல்லாண்டுகள் சுமந்தார்.

பண்போடு வெல்ல முடியாதா? 1960 ஜூன் 20ஆம் நாள், இங்கமர் யோஹான்சனை வீழ்த்தி, இழந்த கனரகப் பட்டத்தை மீட்ட முதல் வீரரானார் ஃபிளாய்ட் பேட்டர்சன். வென்ற கணத்திலேயே, மயங்கிக் கிடந்த எதிராளியின் அருகே மண்டியிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தார். அதனால் அவர் வெற்றி சிறுத்துவிடவில்லை.

அலீயும் இதை உணர்ந்தார். சொல்லத் தகாதவற்றைச் சொல்லிவிட்டதாக 2001இல் நியூயார்க் நாளேட்டின் வாயிலாக வருத்தம் தெரிவித்தார். விளம்பரத்துக்காகச் சொன்னவை என்ற காரணத்தோடு நில்லாமல் மன்னிப்பும் கேட்டார். 2011 நவம்பரில் பிரேஸியரின் இறுதிச் சடங்குக்கு, நோயுற்ற உடலோடு வந்து நின்றார்.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு அலீயின் வரலாற்றைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் மன்னிப்புக் கேட்டுக் கைவிட்ட ஏளனத்தை அவர் பெயராலேயே நம் பிள்ளைகள் பொறுக்கி எடுத்துக்கொள்வது, அந்த மாமனிதருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.