ராணுவம் கழித்த ரைபிளுக்கு விலை என்ன?

ஹைதராபாத்: ராணுவம் கழித்த ஜீப்பை ஏலத்தில் எடுக்கலாம். பூட்ஸ், கம்பளி, கூடாரத் துணி ஆகியவை "மிலிட்டரி டிஸ்போசல்" என்ற பெயரில் விலைக்கு வருகின்றன. கண்டோன்மெண்ட் ஊரான செகந்திராபாத்தில் வசிக்கும் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. அப்படியானால் கழித்த துப்பாக்கியும் எங்காவது மலிவாகக் கிடைக்கும் அல்லவா என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. படையிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் காவல் வேலை தேடும் தமிழர்களுக்கு இந்த எண்ணம் எழுவதில் வியப்பில்லை. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் உள்ள காவலாளிக்கு மவுசு அதிகம், சம்பளமும் கூடுதல்.

இதில் தவறினால் போவது பணம் மட்டுமல்ல. ஆகையால் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்பது நல்லது.

த்ரீ நாட் த்ரீ

கழித்த ராணுவ ரைபிள் என்றாலே நம் நாட்டில் நினைவுக்கு வருவது .303தான். சுமார் 4 கிலோ எடை, பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டி, ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துச் சுடும் போல்ட். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் வெள்ளையர் காலத்திலேயே இது தயாரானது. 1962 சீன யுத்தத்தில் நம் ஜவான்கள் பிடித்திருந்தது இதைத்தான். ராணுவம் கைவிட்ட பிறகும் போலீஸ் விடவில்லை. 2008 நவம்பரில் பம்பாய் சத்ரபதி சிவாஜி டெர்மினஸில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்டபோது, அவர்களுடைய தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே காவலர்கள் வைத்திருந்ததும் இந்தப் பழைய ரைபிள்தான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் இதற்கு விடை கொடுத்தது.

இவ்வளவு காலம் உழைத்த ரைபிளின் மதிப்பு என்ன? அது எந்த நாட்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கா 1968இல் வெளிநாட்டு ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1980களில் பழம்பொருள் வகைக்கு மட்டும் தளர்த்தியது. அதன்பின் இஷாப்பூர் ரைபிள்களும் கப்பலேறி அங்கு கடைகளுக்கு வந்தன. அங்குள்ள சேகரிப்பாளர்கள் நம் ஊரில் மாடு பிடிக்கும் தரகர் பல்லைப் பார்ப்பதுபோல ரைபிளைப் பார்க்கிறார்கள். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா? குழலின் உள்வரிகள் தேயாமல் இருக்கின்றனவா, துரு தின்றிருக்கிறதா? கட்டை பழைய கட்டையா, பிற்பாடு மாற்றியதா? கிரீடமும் மன்னர் பெயரெழுத்தும் பொறித்திருந்தால் சுதந்திரத்துக்கு முந்தியது. அசோகச் சிங்கம் இருந்தால் பிந்தியது. முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு போடுவது இஷாப்பூர் வழக்கம். அதை அங்கே "இஷாப்பூர் ஸ்க்ரூ" என்று பெயர் சொல்லியே அழைக்கிறார்கள்.

"டி.பி." என்ற எழுத்து இருந்தால் விலை விழுந்துவிடும். அது டிரில்லுக்கு மட்டும் ஒதுக்கியது, சுடுவது ஆபத்து. என்.சி.சி.யில் தோளில் வைத்து நடந்தவர்களுக்கு இந்த ரகம் ஞாபகம் இருக்கலாம். இன்னொரு விசித்திரம், .303 ரைபிளையே வரியில்லாத .410 குழலாக மாற்றி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரத்துண்டு அடைத்து, ஒரு முறைக்கு ஒரே தோட்டா போடும்படி செய்தது. 1857ஐ மறக்காத வெள்ளை சர்க்கார் இந்தியப் போலீஸ்காரனுக்கும் சிறைக்காவலனுக்கும் கொடுத்தது இது. சுதேசியின் கையில் முழுத் துப்பாக்கியைக் கொடுக்க மனமில்லாமல் செய்த ஆயுதத்துக்கு இன்று அமெரிக்காவில் கிராக்கி உண்டு.

நேபாளத்திலும் இதே வியாபாரம் பெரிய அளவில் நடந்தது. காத்மாண்டுவில் ஒரு பழைய அரண்மனை ஆயுதக்கிடங்கில் தூசி படிந்து கிடந்த ஆயிரக்கணக்கான பழந்துப்பாக்கிகளை 2003இல் அமெரிக்க வியாபாரிகள் மொத்தமாக விலை பேசி எடுத்துச் சென்றார்கள். இரும்பு விலைக்குப் போயிருக்க வேண்டியவை, துடைத்து எண்ணெய் பூசியபின் டாலர் விலைக்குப் போயின.

இங்கே கதை வேறு

அதே .303 இந்தியாவில் தனி மனிதனுக்கு விற்பனைக்கு இல்லை. அது ராணுவத் தோட்டா போடும் துப்பாக்கி, அதாவது தடை செய்யப்பட்ட ரகம். அந்த ரகத்துக்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறைதான். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ அல்ல. 2019இல் திருத்தப்பட்ட ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தடை ரக ஆயுதம் வைத்திருந்தால் குறைந்தது 7 ஆண்டு, கூடினால் 14 ஆண்டு சிறை. அலங்காரத்துக்காகச் சுவரில் மாட்டினேன் என்பது செல்லாது. பழுது பார்த்தாலும் சுட முடியாதபடி செத்துப்போன பழைய ஆயுதத்துக்கு மட்டுமே சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது.

ஜுமேராத் பஜாரில் பழைய பித்தளை, பழைய கடிகாரம் என்று தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 1948இல் இந்த ஹைதராபாத்துக்கே சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி கராச்சியிலிருந்து விமானங்களில் ரகசியமாக ஆயுதம் கொண்டுவந்து இறக்கினார். ரஜாக்கர்களிடமும் துப்பாக்கி இருந்தது. எதிர்த்துப் போராடிய தெலுங்கானா விவசாயிகளிடமும் இருந்தது. அந்தக் காலத்துச் சாமான் என்று எவராவது ஒரு கட்டைத் துப்பாக்கியை நீட்டினால் நம்பக்கூடிய கதைதான். கதை உண்மையாக இருந்தாலும் வழக்கு வழக்குதான்.

ஆனால் ராணுவத் துப்பாக்கி வெளியே வரவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. படையில் வழக்கொழிந்த சில ஆயுதங்களைப் படை அதிகாரிகள் சொந்த உபயோகத்துக்காக ஜபல்பூர் கிடங்கிலிருந்து குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. அப்படி வாங்கியதைச் சிலர் ராஜஸ்தானில் வெளியாருக்கு விற்றுவிட்டார்கள். பொதுநல வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2011 வாக்கில், அதிகாரிகளுக்குக் கிடைத்த லேசான தண்டனையைக் கண்டு நீதிபதிகளே கடிந்துகொண்டார்கள். ஏன் விற்றார்கள் என்று ஆராய வேண்டியதில்லை. கிடங்கு விலைக்கும் வெளி விலைக்கும் அவ்வளவு தூரம்.

அந்தத் தூரத்தை உண்டாக்கியதும் அரசாங்கம்தான். 1980களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டது. அன்று முதல் நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வெளிநாட்டுச் சரக்கு கைமாறும்போதெல்லாம் விலை ஏறியது. வெளிநாட்டில் சாதாரணமாகக் கருதப்படும் ஒரு பழைய ரிவால்வர் இங்கே லட்சங்களில் பேசப்படுகிறது. சுங்க இலாகா பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் எம்.பி.க்களுக்கு விற்கப்பட்டு வந்தது தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. சாமானியனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

கடையில் கிடைப்பது

ஆயுதக் கடையில் .303 போலவே தோற்றமளிக்கும் ஒரு ரைபிள் கிடைக்கும். அது .315. ராணுவத் தோட்டா ஜனங்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளையர் விதித்த தடையால் பிறந்த அளவு அது. சுதந்திரத்துக்குப் பிறகும் இஷாப்பூர்.303இன் அமைப்பிலேயே அதைச் செய்துவருகிறது. இது புதுச் சரக்கு, ராணுவம் கழித்ததல்ல. "மிலிட்டரி ரைபிள்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

விளையாட்டுக்காகச் சுட விரும்புகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது ஏர் ரைபிளில். .177 குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஏர் ரைபிளுக்கு லைசென்சே வேண்டாம்.

துப்பாக்கியைவிடப் பெரிய மோசடி லைசென்சில் நடக்கிறது. ஜம்மு காஷ்மீரில் 2012க்கும் 2016க்கும் இடையே 2.78 லட்சம் லைசென்சுகள் வழங்கப்பட்டதாகவும், பெரும்பகுதி முறைகேடு என்றும் சி.பி.ஐ. விசாரித்தது. அந்தப் பக்கத்து ஊர்களின் பெயரில் போலி லைசென்ஸ் வைத்திருந்த காவலாளிகள் ஹைதராபாத்திலும் பிடிபட்டார்கள். தரகரிடம் பணம் கொடுத்து, பத்து வருஷம் சேவை செய்த படைவீரன் ஒரு காகிதத்தை நம்பி ஏமாந்தால், கம்பி எண்ணுவது தரகர் அல்ல.

முறையாக லைசென்ஸ் உள்ளவருக்கும் வேலை முடிந்துவிடவில்லை. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. தாத்தா விட்டுப்போனதும் அந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். வேலூர் கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டோடு நின்றால், துப்பாக்கியோடு செகந்திராபாத்துக்கு ரயிலேறும் முன்பே எல்லையை விரிவாக்கி வாங்க வேண்டும். குடியேறியபின் இங்குள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகத்திலும் பதிவு செய்தாக வேண்டும்.