எத்தனை நான்?

போன வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை. காலை பத்தரைக்கு கிளையண்ட் கால். "ஷ்யூர், லெட் அஸ் டேக் இட் ஆஃப்லைன்" என்று வெண்ணெயாய் வழுக்கும் ஒரு குரல். அதை வைத்துவிட்டு டீம் பையனுக்கு, "மச்சி, பில்ட் மறுபடி புட்டுக்கிச்சுடா". நடுவுல ஊர்லேர்ந்து பெரியப்பா. "சொல்லுங்க பெரியப்பா, ஆமாங்க பெரியப்பா". சமையலறையிலிருந்து தங்கமணி எட்டிப் பார்த்து, "உள்ள மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க? அதுக்கேத்த மாதிரி காபி போடணும்"னு கேட்டாங்க. அவ்வ்வ்...

சிரிச்சுட்டு ஆணி பிடுங்கப் போயிட்டேன். ஆனா கேள்வி மண்டைக்குள்ளயே உட்கார்ந்துகிச்சு. இதுல எது நிஜ நான்?

"எங்கேயும் எப்போதும் நீ நீயாக இரு" என்று தன்னம்பிக்கைப் புத்தகங்கள் சொல்கின்றன. புதுசா வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு ஹெச்.ஆர். கூட இதையேதான் சொன்னாங்க. அப்ரைசல் மீட்டிங்ல நான் நானா இருந்தா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும், என் டேமேஜருக்கும் தெரியும் :-)

இந்த அறிவுரையில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்ல ஒருத்தரைக் கூப்பிடுறதா இருந்தாலே வாவா, வாங்களா, வாடாவா என்று முதலில் முடிவு பண்ணியாகணும். அதாவது வாயைத் திறக்கும்போதே ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்து விடுகிறோம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1959-ல் வந்த தன் புத்தகத்தில், அன்றாட வாழ்க்கையையே ஒரு நாடக மேடையாக வைத்துப் பேசினார். ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் ஒரு ஓட்டலைக் கவனித்து, அங்கே வேலை செய்பவர்கள் சமையல் கட்டுக்குள் ஒரு மாதிரியும், விருந்தினர் முன்னால் வேறு மாதிரியும் நடந்துகொள்வதை எழுதினார். இது போலித்தனம் இல்லை, மனுஷங்க நாலு பேரோட வாழற விதமே இதுதான்.

அப்போ எல்லா முகமும் ஓகேவா? அங்கதான் மேட்டரே. இதைத் தெரிஞ்சுக்க நான் கொடுத்த விலை கொஞ்சம் ஜாஸ்தி. கொசுவர்த்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

2023-ல் எனக்கு வேலை போனது. பதினைந்து நிமிட மீட்டிங், அவ்வளவுதான். தங்கமணிக்கு அன்னிக்கே சொல்லிட்டேன். ஊர்ல சொல்லலை. அப்பா ரிட்டையர் ஆன வாத்தியார், எதுக்கு அவரைக் கவலைப்பட வைக்கணும்னு நினைச்சேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்னா ஷேவ் பண்ணி, காலர் வச்ச சட்டை போட்டு உட்காருவேன். "வேலை எப்படிடா போகுது?" "சூப்பரா போகுதுப்பா." ஒரு வாரம் வராத இன்க்ரிமெண்ட்டைப் பத்திக்கூட விலாவாரியா சொன்னேன்.

நாலாவது மாசம் அப்பா சந்தோஷமா போன் பண்ணார். ஊர்ல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நாலு சென்ட் இடம். தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுட்டார். மீதிக்கு நான் லோன் போட்டுக்கலாமாம். மூணு மாசத்துல கிரயம்.

சேலரி ஸ்லிப் இல்லாத ஆளுக்கு எந்த பேங்க் லோன் தரும்? அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் சொன்னேன். வேறு வேலை கிடைத்தபோது கெடு முடிந்திருந்தது, அட்வான்ஸ் போனது போனதுதான். அப்பா திட்டவே இல்லை. "நீ சொல்லியிருந்தா நான் அட்வான்ஸ் கொடுத்திருக்க மாட்டேனேடா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பொட்டி தட்டுறவன் பாஷையிலேயே சொல்றேன். டேட்டாபேஸில் 'வ்யூ' என்று ஒன்று உண்டு. டேபிள் ஒன்றுதான். அதிலிருந்து சம்பளப் பிரிவுக்குச் சில காலம்கள், செக்யூரிட்டிக்குச் சில காலம்கள் என்று அவரவருக்குத் தேவையானதை மட்டும் காட்டும். ஆனால் சாதாரண வ்யூ தனக்கென்று எந்தத் தகவலையும் சேமித்து வைக்காது. டேபிளில் மாறினால் எல்லா இடத்திலும் மாறிவிடும். அதற்குப் பதில் ஆளாளுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்தால்? ஒன்றில் மாற்றியதை மற்றதில் மாற்ற மறப்போம். அப்புறம் வாழ்நாள் முழுக்க சிங்க் பண்ற வேலைதான்.

பெரியப்பாகிட்ட பேசுற நானும் கிளையண்ட்கிட்ட பேசுற நானும் வ்யூ. அப்பாவுக்குக் காட்டின நான், காப்பி. அந்த நாலு மாசம் நான் களைச்சுப் போனது வேலை தேடினதால இல்லை, போன ஞாயிறு என்ன சொன்னோம்னு ஞாபகம் வச்சுக்கிட்டதால.

அதுக்காக எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் கொட்டணும்னு சொல்லலை. வ்யூவும் காலம்களை மறைக்கத்தான் செய்யுது. நான் பார்க்கிறது ஒண்ணுதான்: நான் மறைக்கிற விஷயத்தை நம்பி எதிராளி ஒரு முடிவு எடுப்பாரா? எடுப்பார்னா மறைக்க எனக்கு உரிமை இல்லை. ஆபீஸ்லயும் இதே கதைதான். வெளியே பச்சை, உள்ளே சிவப்புன்னு நாம அனுப்புற 'தர்பூசணி' ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை நம்பி, எவனோ ஒருத்தன் ரிலீஸ் தேதியை ஊருக்கெல்லாம் அறிவிச்சுட்டு உட்கார்ந்திருப்பான். குரலை மாத்தலாம், சேதியை மாத்தக் கூடாது.

போன ஞாயிறு அப்பாகிட்ட, "இந்த வாரம் ஒரு ரிலீஸ் சொதப்பிடுச்சுப்பா, கொஞ்சம் டென்ஷன்"னு சொன்னேன். ரிலீஸ்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. "சரியாயிடும்டா, நேரத்துக்குச் சாப்பிடு"ன்னார். நான் பழைய பனியனோட உட்கார்ந்திருந்தேன்.

நீங்க யாருக்காவது காலர் சட்டை போட்டுக்கிட்டு இருக்கீங்களா?